களைப்பு ஆறும், சலிப்பு தட்டும்

‘என்னவோ, ஒரே சலிப்பாக இருக்கிறது.’ அறுபதைக் கடந்த பெரியோர் பலர் நாள்தோறும் ஒருமுறையேனும் சொல்லும் வாக்கியம் இது. சொல்பவர் ஒன்றை எண்ணிச் சொல்கிறார். கேட்பவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். மகன் அதை உடற்களைப்பு என்று எண்ணிச் சத்து மருந்து வாங்கி வருகிறார். மருமகளுக்கு அது தம்மீது கூறப்பட்ட குறையாகப் படுகிறது. பேரப்பிள்ளையோ, ‘தாத்தாவுக்குப் போரடிக்கிறது’ என்று தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போகிறான். மூவரும் அன்புடையவர்களே. ஆயினும் பெரியவர் சொன்ன சொல் மூவர் காதிலும் விழுந்து, ஒருவர் மனத்திலும் சேராமல் போய்விடுகிறது.

தமிழில் தளர்ச்சியைக் குறிக்க ஒரு சொல் அன்று, ஒரு குடும்பமே இருக்கிறது. களைப்பு, இளைப்பு, அலுப்பு, அசதி, சோர்வு, தளர்வு, அயர்வு, ஆயாசம், எய்ப்பு, விடாய், சோம்பல், மடி, சலிப்பு என்று அது நீளும். வரிசையாக எழுதிப் பார்த்தால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம் போலத் தோன்றும். வழக்கிலோ அவை தத்தம் எல்லையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வயலில் உழைத்து வீடு திரும்பியவருக்குக் களைப்பு உண்டு. சலிப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. நாள் முழுவதும் சாய்வு நாற்காலியில் இருந்தவருக்குக் களைப்பு இல்லை, சலிப்பு இருக்கலாம். வந்திருப்பது எது என்று அறிந்தால்தான் அதற்குரிய மருந்து எது என்பதும் விளங்கும். அந்த மருந்தையும் நம் மொழி அந்தந்தச் சொல்லோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

ஆறுகின்ற சொற்கள்

களைப்பு, இளைப்பு என்னும் இரண்டு சொற்களோடும் தமிழர் சேர்த்து வழங்கும் வினை ‘ஆறுதல்’ என்பது. ‘மரத்தடியில் சற்றுக் களைப்பாறினார்’, ‘மண்டபத்தில் இளைப்பாறினார்’ என்கிறோம். இந்த ஆறுதல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் அதன் உட்பொருள் துலங்கும். கொதித்த பால் ஆறும். புண் ஆறும். பசி ஆறும். சினமும் ஆறும். இயல்பு கடந்து மிகுந்த ஒன்று, அடக்குவார் இன்றித் தானே தணிந்து பழைய நிலைக்கு வருவதே ஆறுதல். அதற்கு வேண்டியவை சிறிது நேரமும் சிறிது நிழலும் மட்டுமே. துக்கத்தில் இருப்பவருக்குக் கூறும் நல்ல சொல்லையும் ‘ஆறுதல்’ என்றே நாம் அழைக்கிறோம்.

களைப்பு ஆறவேண்டியது, அடக்கவோ பழிக்கவோ வேண்டியது அன்று. இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். வழிநடையாக வந்தோருக்குச் சத்திரமும் சாவடியும் கட்டினர். தலைச்சுமையோடு தனியே வருபவர் பிறர் துணையின்றி இறக்கி வைக்கும் உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டனர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவதும் தமிழகத்தில் வழக்கமாக இருந்தது. இறக்க முடியாத சுமையோடு சென்றவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஓர் இடம். பிறர் களைப்பை ஆற்றுவது அறம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

விடாய் என்பது இக்குடும்பத்தில் மற்றொரு பழஞ்சொல். நீர்வேட்கை, களைப்பு என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. பேச்சு வழக்கில் அச்சொல் பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் திருக்கோயிலில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெருந்திருவிழா நிறைவுற்ற பின் நிகழும் ‘விடையாற்றி’ விழாவை அறியாத அன்பர் இரார். ‘விடாய் ஆற்றி’ என்பதே அவ்வாறு மருவிற்று. கொடியேற்றம் முதலாகக் காலையும் மாலையும் வாகனங்களில் எழுந்தருளி, தேர் ஏறி, வெயிலிலும் கூட்டத்திலும் வீதிவலம் வந்த இறைவனுக்கு, அந்த விடாய் தீரச் செய்யும் உபசாரமே இது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா முடிந்தபின் விடையாற்றி நாள்களில் மாலைதோறும் இசையும் நாட்டியமும் நிகழ்வதைப் பலர் கண்டிருப்பர். சுவாமி வீதிக்குச் செல்வதில்லை. இருந்த இடத்திலேயே இசை கேட்கிறார்.

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குக் களைப்பு ஏது என்று கேட்கலாம். களைப்பு இல்லாதவனுக்கும் ஓய்வு தந்து பார்க்கும் பரிவே பக்தியாகும். குடந்தை ஆராவமுதன் திருமுன் நின்ற திருமழிசையாழ்வார், பெருமான் படுத்திருக்கும் கோலத்தைக் கண்டு, உலகெலாம் நடந்த திருவடிகள் நொந்தனவோ என்று கவன்று வினவினார். எழுந்து பேசுமாறு வேண்டினார். ஆழ்வாரின் அன்புக்கு இரங்கிப் பெருமான் எழ முற்பட்டான் என்றும், அவ்வாறு பாதி எழுந்த நிலையிலேயே ‘உத்தான சயன’னாக இன்றும் சேவை சாதிக்கிறான் என்றும் தலவரலாறு கூறும். இறைவனின் கால் நோவையே எண்ணி உருகிய மரபு, வீட்டில் இருக்கும் முதியவரின் கால் நோவைக் குற்றமாகக் கருதுமா?

ஆயினும் பெரியோர் பலர் தம் களைப்பைத் தாமே குற்றமாகக் கருதுகின்றனர். ‘முன்பெல்லாம் மூன்று பிரகாரமும் சுற்றுவேன், இப்போது ஒன்று சுற்றவே முடியவில்லை, பகவான் என்ன நினைப்பாரோ’ என்று வருந்துகின்றனர். மருத்துவர் தடுத்தும் முழு உபவாசம் இருந்து மயங்கி விழுவோரும் உண்டு. அத்தகையோர் அறிந்திருக்க வேண்டிய சொல் ‘அனாயாசம்’ என்பது. ஆயாசம் என்றால் வருத்தம் தரும் பெருமுயற்சி, அதனால் வரும் களைப்பு. அது இல்லாமை அனாயாசம். கௌதம தர்ம சூத்திரம் நாற்பது சம்ஸ்காரங்களைக் கூறியபின் எட்டு ஆத்ம குணங்களைக் கூறுகிறது. உயிர்களிடத்து இரக்கம், பொறுமை, பொறாமையின்மை, தூய்மை, அனாயாசம், மங்களம், உலோபமின்மை, ஆசையின்மை என்பன அவை. உடலை வருத்தி அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டு செல்லாதிருப்பது இரக்கத்தோடும் தூய்மையோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பது சம்ஸ்காரங்களும் செய்தவனாயினும் இவ்வெட்டுக் குணங்களும் இல்லையேல் பயனில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. ஒரு பிரகாரம் சுற்றிவிட்டு மண்டபத்தில் அமர்பவர் ஆசாரத்தில் குறைந்தவர் அல்லர்.

தரிசனம் முடிந்து அவ்வாறு அமரும்போது பெரியோர் பலர் முணுமுணுக்கும் வடமொழிப் பிரார்த்தனை ஒன்று உண்டு. இறுதி அனாயாசமாக அமைய வேண்டும், வாழ்வு பிறரிடம் தாழ்ந்து நில்லாததாக இருக்க வேண்டும், சிவபெருமானிடம் அசையாத பக்தி வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த மூன்றாவது வேண்டுகோளில் ‘அசஞ்சலம்’ என்னும் சொல் வருகிறது. அச்சொல்லைப் பின்னர்க் காண்போம்.

ஆற வேண்டியவற்றைப் பற்றிய பகுதியை முடிக்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு எடுத்தும் ஆறாத களைப்பு, களைப்பு என்ற எல்லையைக் கடந்துவிட்டது. இளைப்பு என்னும் சொல்லுக்கே உடல் மெலிவு, மூச்சு வாங்குதல் என்ற பொருள்களும் உண்டு. நோயின் அடையாளம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், இதயக் கோளாறு, உறக்கமின்மை முதலிய பலவும் முதியோரிடம் முதலில் வெறும் அசதியாகவே தலைகாட்டும். பதஞ்சலியின் யோக சூத்திரம், முதற்பாதத்தின் முப்பதாம் சூத்திரத்தில் மனத்தைச் சிதறச் செய்யும் ஒன்பது இடையூறுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது வியாதி. மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல் ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. நோயும் சோம்பலும் வெவ்வேறு என்று யோக நூலே பிரித்துக் காட்டியிருக்க, வாரக்கணக்கில் நீடிக்கும் அசதியை ‘வயது ஆகிவிட்டது’ என்று தள்ளிவிடலாகாது. மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முறிக்க வேண்டியது

சோம்பல் ஆறாது. ‘சோம்பலாறினார்’ என்று தமிழில் எவரும் சொல்வதில்லை; ‘சோம்பல் முறித்தார்’ என்றே சொல்வர். காலையில் எழுந்து கைகளை நீட்டி உடலை வளைப்பதற்கு அப்பெயர். முறிப்பது என்றால் அதற்கு விசை வேண்டும், காத்திருந்து பயனில்லை. ஓய்வு கொடுத்தால் களைப்புக் குறையும், சோம்பலோ வளரும். களைப்பு வேலைக்குப் பின் வருவது. சோம்பல் வேலைக்கு முன் வருவது. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

சோம்பலுக்குப் பழைய பெயர் மடி. ஆசாரமுள்ள இல்லங்களில் ‘மடி’ என்றால் நீராடித் தூய ஆடை உடுத்த நிலை. திருக்குறளில் மடி என்றால் சோம்பல். வடிவம் ஒன்றாயினும் பொருள் நேரெதிர். விடியுமுன் நீராடுபவரே மடியாக இருப்பவர். விடிந்தும் எழாதவரும் மடியாக இருப்பவர்தாம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வள்ளுவர் ஊக்கமுடைமை என்னும் அறுபதாம் அதிகாரத்தை அடுத்து மடியின்மையையும், அதனை அடுத்து ஆள்வினையுடைமையையும், அதன்பின் இடுக்கண் அழியாமையையும் வைத்தார். மடி என்னும் மாசு படியப் படியக் குடிப்பிறப்பு என்னும் விளக்கே மங்கி அணையும் என்பது அவர் காட்டும் உவமை. விளக்கு ஒரே நாளில் அணைவதில்லை. துடைக்காத நாள்களின் கணக்கு அது.

முதியோரைப் பொறுத்தவரை இச்சொல்லைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். உண்மையில் களைத்தவரைப் பார்த்துச் ‘சோம்பல்’ என்று இளையோர் கூறிவிட்டால், அது அம்புபோல் தைக்கும். நாற்பது ஆண்டு ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய தாயார் ஒருநாள் ஏழு மணிக்கு எழுந்தால் அது சோம்பல் ஆகாது. ஓய்வு என்னும் சொல்லின் அடியாகிய ‘ஓய்’ என்பதற்கு நின்றுபோதல், தளர்தல் என்னும் பொருள்கள் உண்டு. எனினும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் அனைவரும் ஓய்ந்துபோனவர் அல்லர். அவ்வாறு தாமே எண்ணிக்கொள்ளும்போதுதான் மடி மெல்ல உள்ளே நுழைகிறது.

நழுவுவதும் மறப்பதும்

சோர்தல் என்பதற்கு அடிப்படைப் பொருள் நழுவுதல், வழிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது, ஆடை சோர்ந்தது என்பன இலக்கிய வழக்குகள். பிடித்திருந்த கை தளர, பிடியிலிருந்த பொருள் நழுவுகிறது. சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர், பேச்சில் சோர்வு நேராமல் காக்க வேண்டும் என்கிறார். அங்கே சோர்வு என்பது களைப்பு அன்று. வாய் தவறி நழுவிவிடும் சொல். ஆகவே மனம் சோர்ந்தது என்றால், பற்றியிருந்த ஒன்று மனத்தின் பிடியிலிருந்து நழுவியது என்று பொருள். சோர்ந்திருப்பவரிடம் ‘ஏன் இப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்பதைவிட, ‘எது கைநழுவிப் போயிற்று?’ என்று எண்ணிப் பார்ப்பதே பயன் தரும். வாழ்க்கைத் துணையாக இருக்கலாம், கண்பார்வையாக இருக்கலாம், நாள்தோறும் கோயிலுக்கு உடன்வந்த நண்பராக இருக்கலாம். இன்று மருத்துவர் ‘மனச்சோர்வு’ என்று அழைக்கும் நோயும் உண்டு. உணவில் விருப்பமின்மை, உறக்கக் கேடு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நாள்கணக்கில் தொடர்ந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. அதில் வெட்கப்பட ஏதும் இல்லை.

அயர்வு இதனினும் நுட்பமானது. அயர்தல் என்றால் தளர்தல். மறத்தல் என்றும் பொருள். திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் நித்தியசூரிகளுக்கு அயர்வு இல்லாமை அடையாளமாகக் கூறப்பட்டிருக்கிறது. உரையாசிரியர்கள் அவ்விடத்தில் அயர்வு என்பதற்கு மறதி என்றே பொருள் கொண்டனர். பகவானை மறவாதிருப்பதே அவர்களுடைய சிறப்பு. சங்க இலக்கியத்திலோ இதே அயர்தல் என்னும் சொல் செய்தல், கொண்டாடுதல் என்னும் பொருள்களில் வருகிறது. விழா அயர்தல், விருந்து அயர்தல் என்பன அத்தொடர்கள். விழா எடுப்பதும் அயர்தல். விழா முடிந்து ஓய்வதும் அயர்தல். கல்யாண வீட்டை நடத்தி முடித்த எந்தப் பெரியவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

தட்டுகின்ற சலிப்பு

இனி, தொடக்கத்தில் கண்ட சலிப்பு. இது ஆறுவதும் இல்லை, முறிவதும் இல்லை. சலிப்புத் ‘தட்டும்’ என்கிறோம். இனிப்பு மிகுந்தால் தெவிட்டும். ஒரே உணவு நாள்தோறும் வந்தால் அலுக்கும். ஒரே வாழ்வு நாள்தோறும் வந்தால் சலிக்கும்.

சலித்தல் என்பதற்கு அகராதிகள் தரும் முதற்பொருள் அசைதல். சலனம், சஞ்சலம் என்னும் சொற்களில் அப்பொருளே நிற்கிறது. அசையாதது ஆதலின் மலைக்கு அசலம் என்று பெயர். அருணாசலம், வேங்கடாசலம் என்பவற்றில் அதனைக் காண்கிறோம். எனவே சலிப்பு என்பது, வெளியே ஒன்றும் அசையாதிருக்கையில் உள்ளே மனம் இடைவிடாமல் அசைந்து களைப்பது. உடலுக்கு வேலை இல்லை; மனத்துக்கு இருப்பிடம் இல்லை. பழைய மனக்குறையிலிருந்து நாளைய கவலைக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டுச் செய்திக்கும் அது தாவிக்கொண்டே இருக்கிறது. உறங்கி எழுந்தாலும் சலிப்புத் தீராததற்குக் காரணம் இதுவே. பெரியோர் பிரார்த்தனையில் ‘அசஞ்சல’மான பக்தியைக் கேட்பதன் அருமையும் இங்கே விளங்கும். ஆயாசமற்ற இறுதியும் அசைவற்ற பக்தியும் ஒரே மூச்சில் வேண்டப்படுகின்றன.

அசைகின்ற மனத்துக்கு அசையாத ஒன்றை நடுவில் வைப்பதே நம் வழிபாட்டு முறைகளின் சூட்சுமம். திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர், சுற்றிச் சுற்றி வந்தாலும், நடுவில் இருப்பது அசலம். ஜபமாலையில் மணிகள் நகர்கின்றன, நாமம் நகர்வதில்லை. திருக்கோயிலில் ஆறு கால பூஜையும் நாள்தோறும் அதே வரிசையில் அதே உபசாரங்களோடு நிகழ்கின்றன. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால் சலிப்பு வரும் என்பது உண்மையானால், உலகிலேயே மிகுந்த சலிப்புக்குரிய இடம் கருவறையாக அல்லவா இருக்க வேண்டும்? அவ்வாறு இல்லையே. குடந்தைப் பெருமானின் திருநாமமே ஆராவமுதன். எத்துணைப் பருகினாலும் நிறைவு தோன்றாத அமுது. நடுவில் ஒன்று இல்லாமல் சுற்றுவதுதான் சலிப்பைத் தருகிறது.

பேரப்பிள்ளைகள் சொல்லும் ‘போரடிக்கிறது’ என்னும் தொடரையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் வினையோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. ஆனால் அதே ஒலியில் தமிழருக்கு ஒரு பழைய சொல் உண்டு. அறுவடைக் களத்தில் கதிரை அடித்து நெல் எடுத்தபின், தாளில் இன்னும் எஞ்சியிருக்கும் மணிகளை உதிர்ப்பதற்காக மாடுகளைப் பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவர். அதற்குப் போரடித்தல் என்று பெயர். அடித்து முடித்த வைக்கோல்தானே என்று உழவர் அதை ஒதுக்கிவிடவில்லை. முதற்கதிரடியில் உதிராத நெல் அந்தப் பொறுமையான சுற்றில் உதிரும். வாழ்வின் பெரும் அறுவடை முடிந்துவிட்டது என்று எண்ணும் முதியோர், எஞ்சிய மணிகளை நினைத்துக்கொள்வது நல்லது.

வேதாந்த நூல்களில் இதே கருத்து ‘நிர்வேதம்’ என்னும் சொல்லால் பேசப்படும். மனம் வெறுத்துச் சலித்துப்போதல் என்பது அதன் பொருள். பகவத்கீதை இரண்டாம் அத்தியாயத்தின் 52ஆம் சுலோகத்தில், மோகம் என்னும் சேற்றை அறிவு கடக்கும்போது கேட்டவற்றிலும் கேட்கப்போகும் பயன்களிலும் நிர்வேதம் உண்டாகும் என்று கண்ணன் அதை நல்லதாகக் கூறுகிறான். ஆறாம் அத்தியாயத்தின் 23ஆம் சுலோகத்திலோ, யோகத்தை நிர்வேதமற்ற மனத்தோடு செய்ய வேண்டும் என்கிறான். ஆசைகளில் சலிப்பு வரலாம். சாதனையில் சலிப்பு வரலாகாது. சுந்தரகாண்டத்தைப் பாராயணம் செய்வோர் இதை அனுமன் வாயிலாகவும் அறிவர். இலங்கை முழுதும் தேடியும் சீதாபிராட்டியைக் காணாமல் மனம் இடிந்த வேளையில், மனம் தளராமையே எல்லா நலனுக்கும் வேர் என்று பன்னிரண்டாம் சர்க்கத்தில் அவன் தனக்குத்தானே கூறிக்கொண்டு மீண்டும் தேடத் தொடங்குகிறான். அதன் பிறகும் அவனுக்குக் கலக்கம் வந்தது. ஆயினும் தேடாத இடம் ஒன்று எஞ்சியிருப்பது கண்ணில் பட்டது. அந்த அசோகவனத்தில்தான் அன்னை இருந்தாள்.

எய்ப்பில் வைப்பு

குடும்பத்தில் மூத்த சொல்லை இறுதிக்கு வைத்திருக்கிறோம். எய்ப்பு என்றால் இளைத்துத் தளர்ந்த நிலை. கையில் வலிமையும் பொருளும் குன்றிய காலத்துக்கென முன்னரே சேர்த்து வைத்த செல்வத்தைத் தமிழர் ‘எய்ப்பில் வைப்பு’ என்றனர். வைப்பு என்பது இன்று வங்கிகளில் நாள்தோறும் வழங்கும் சொல். ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனையே எய்ப்பில் வைப்பு என்று அழைத்து மகிழ்ந்தனர்.

திருவரங்கப் பெருமானை நோக்கிப் பெரியாழ்வார் அருளிய திருமொழி ஒன்று நான்காம் பத்தின் இறுதியில் உள்ளது. எய்ப்பு வந்து என்னை வருத்தும் கடைசி நேரத்தில் உன்னை நினைக்க எனக்கு இயலாது போகும். ஆகையால் அந்த நாளுக்கு உரியதை இன்றே உன்னிடம் சொல்லி வைத்துவிட்டேன் என்பது அதன் கருத்து. எத்துணை நடைமுறையறிவு! தளர்ச்சி வராது என்று ஆழ்வார் எண்ணவில்லை. வரும், வந்தால் நாவும் நெஞ்சும் உதவா என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அதனால் தெளிவுள்ள இன்றே வைப்புச் செய்கிறார். அதே பாசுரத்தில் யானைக்கு அருளியதையும் நினைவூட்டுகிறார்.

அந்த யானையின் வரலாறு பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. முதலை பற்றிய கஜேந்திரன் நெடுங்காலம் இழுத்துப் போராடினான். நீரில் இருந்த முதலைக்கு வலிமை பெருகிற்று. யானைக்கோ உடலும் உள்ளமும் தளர்ந்தன. உடனிருந்த பிடிகளும் களிறுகளும் அவனைக் கரைசேர்க்க இயலாது நின்றன. அந்த நிலையில் அவன் சொன்ன துதி அப்போது புதிதாகக் கற்றதன்று. முற்பிறவியில் பயின்றது என்று பாகவதம் தெளிவாகச் சொல்கிறது. அப்பிறவியில் அவன் இந்திரத்யும்னன் என்னும் பாண்டிய மன்னன். அரசு போயிற்று, மனித உடலே போயிற்று, அன்று நாள்தோறும் நெஞ்சில் சேர்த்த துதி மட்டும் போகவில்லை. எய்ப்பு வந்த நாளில் அது அவனுக்கு உதவிற்று.

மாதந்தோறும் சிறு தொகை கட்டும் தொடர் வைப்பில், கட்டும் நாளில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. தவறாமல் கட்டியதே பின்னாளில் முதிர்ந்து நிற்கும். நாள்தோறும் ஏற்றும் ஒரு விளக்கும் சொல்லும் ஒரு நாமமும் அத்தகையவை. கால் நடக்காவிட்டால் இருந்த இடத்தில் சொல்லலாம். கண் தெரியாவிட்டால் மனப்பாடமாக இருப்பதைச் சொல்லலாம். களைத்தால் நிறுத்தி, விடாய் ஆறியபின் தொடரலாம்.

சலிப்பு என்று சொல்லும் பெரியவருக்கு இல்லத்தார் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. சத்து மருந்தும் தொலைக்காட்சியும் தேவையானால் இருக்கட்டும். அவற்றோடு, இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் குழந்தையை அவர் பக்கத்தில் அமர்த்தி, நாளுக்கு ஒரு வரியாக ஒரு துதியைக் கற்றுக்கொள்ளச் செய்யலாம். உச்சரிப்பைத் திருத்தவும், பொருள் சொல்லவும், மறுநாள் கேட்டுச் சரிபார்க்கவும் பெரியவருக்கு ஒரு கடமை வந்துவிடும். அடுத்த வரி எது என்று எண்ணும் மனத்துக்கு ஊர் சுற்ற நேரம் இராது. அந்தக் குழந்தையும் அறுபதைக் கடக்கும் நாள் வரும். கற்பித்தவர் அன்று அருகில் இருக்கமாட்டார். அவர் வைத்துச் சென்ற வைப்பு இருக்கும்.